கணக்குப் பிரிவு, ஏழு

இனிமேல் கையால் எழுதின பில்லை வாங்க மாட்டார்களாம்.
ஆடிட்டர் ஆபீஸ் லிங்கேஸ் போனில் சொன்னபோது
பாபின் மாற்றிக்கொண்டிருந்தேன்.
"ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போடுங்க்கா.
பில்லு, சலான், மாசக் கணக்கு, அவ்வளவுதான்.
ராக்கெட் ஒண்ணும் வுடப் போறதில்லீங்களே."

குமரன் ரோட்டில் புதுசுக்கு விலை கேட்டேன்.
முப்பத்தெட்டாயிரம் என்றான்,
ஏசிக் குளிரில், டீ சொல்லட்டுமா என்றபடி.
முப்பத்தெட்டாயிரம் என்றால்
ஆறு டெய்லருக்கு
இரண்டு சனிக்கிழமைச் சம்பளம்.
டீ வேண்டாம் என்று இறங்கிவிட்டேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மாடிப்படிக்கு அடியில் நவ்ஷாத் கடை.
கம்பெனிகள் கழித்துக் கட்டின கறுப்புப் பெட்டிகள்
கூரை வரைக்கும்.
"இதுல என்னங்க்கா செய்யப் போறீங்க?"
விலை சொல்லுமுன் வேலையைக் கேட்டவர்
அன்றைக்கு அவர் ஒருவர்தான்.

பில்லு போடோணும். கரண்ட் பில் கட்டோணும்.
ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது
சீட்டு ஆடோணும், அதைச் சொல்லவில்லை.
"வீடியோ வெட்டறது, ஒட்டறது?"
"வெட்டறதுக்குக் கட்டிங் மாஸ்டர் இருக்காருங்க."

சிரித்துக்கொண்டே ஒன்றை இழுத்தார்.
"எட்டு ஜிபி தாராளம்.
பழைய டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி போட்டிருக்கேன்.
மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாஞ் சேர்த்து
ஒம்பதாயிரத்து எட்டு நூறு. மூணு மாசம் கேரண்டி."

பாதி புரிந்தது.
செகண்ட்ஸ் ஓவர்லாக் வாங்கினபோது செய்ததையே செய்தேன்.
பெட்டிமேல் உள்ளங்கையை வைத்து
குனிந்து காது கொடுத்தேன்.
ஊசி தட்டாத ஓட்டம்.

கீபோர்டில் எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது.
எண்கள்தான் தேய்ந்திருந்தன.
சைபர் இருந்த இடத்தில்
வழவழப்பு மட்டும்.

முதுகுப் பக்கம் திருப்பினேன்.
பாதி கிழிந்த வெள்ளி ஸ்டிக்கர்:
மயூரநாதா நிட்ஸ். கணக்குப் பிரிவு. 7.

நாலாயிரத்து இருநூறு பீஸ்.
குழந்தைகள் டி-சர்ட், மஞ்சள், நெஞ்சில் வாத்து.
பீசுக்குப் பதினொரு ரூபாய்.
எட்டு மாசம், வாராவாரம் வியாழக்கிழமை,
பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து
இதே முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்தப் பக்கமிருந்து குரல் வரும்:
"உங்க பில்லு இன்னும் சிஸ்டத்துல ஏறலீங்க."
"இன்னைக்கு சிஸ்டம் ஸ்லோவுங்க."
அப்புறம் ஒரு வியாழன் கேட்டில் பூட்டு.
பூட்டுக்கு மேல் பேங்க் நோட்டீஸ்.

"உள்ள ஏதாச்சும் இருக்குமுங்களா?"
"பழைய டிஸ்க்கே இல்லீங்களே.
பொறந்த குழந்தை மாதிரி, ஒண்ணும் தெரியாது."
ஏற்றினார்களா, இல்லையா.
அது இனி இந்தப் பெட்டிக்கும் தெரியாது.

எட்டாயிரத்து ஐநூறு என்றேன்.
"ஏனுங்க்கா, அடிமாட்டு விலைக்குக் கேக்கறீங்க?"
"இதுக்கு ஏற்கெனவே
நாப்பத்தாறாயிரத்து இருநூறு கட்டியிருக்கேனுங்க."
அவருக்கு விளங்கவில்லை.
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
ஒம்பதுக்குக் கொடுத்தார்.

பனியன் வேஸ்ட் சுற்றி
டிவிஎஸ் முன்னால் வைத்து
நொய்யல் பாலம் தாண்டிக் கொண்டுவந்தேன்.
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால்
ஸ்டிக்கர் வந்துவிடும் என்றாள் மயிலாத்தாள்.
இருக்கட்டும் என்றேன்.
மேசையை எப்படிப் போடுவது என்பதில்தான் நேரம் போனது.
கடைசியில் திரை வாசலைப் பார்க்கிற மாதிரி போட்டோம்.
சம்பளம் கேட்டு வந்து நிற்கிறவர்கள்
முதுகைப் பார்க்க வேண்டாம்.

பில் நம்பர் ஒன்று.
சைபரை மட்டும் கொஞ்சம் அழுத்தித் தட்ட வேண்டும்.
மூன்றாவது சைபரில்
கரண்ட் போய்விட்டது.

ஆறு மிஷினும் ஒன்றாக நின்ற அமைதியில்
ஞாபகம் வந்தது.
யூபிஎஸ் பற்றி அவரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.